கட்டுமரமும் சட்டகமும்: எளிய வலைநிரல் சட்டகம் குறித்த ஒரு பாடம்

முன்னுரை

வடசென்னைக் கடற்கரையில், குறிப்பாகக் காசிமேட்டில், கட்டுமரம் என்னும் சொல்லுக்கு விளக்கம் வேண்டுவார் இலர். இலேசான மரங்கள் சிலவற்றை வரிசையாக இணைத்துக் கயிற்றால் பிணைத்தால் அது கலம். கரைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தால் அவை மீண்டும் வெயிலில் உலரும் மரங்கள். எந்த மீனுக்குச் செல்கின்றோம், எத்தனை பேர் செல்கின்றோம் என்பதைப் பொறுத்து மரங்களின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலேயக் கடலோடி சோழமண்டலக் கரையின் இக்கலத்தைக் குறிப்பிட்டுள்ளார். அச்சொல் அவ்வாறே ஆங்கிலத்தினுள் புகுந்து, பின்னர் உலக மொழிகள் பலவற்றிலும் பரவியது. இன்று காசிமேட்டில் விசைப்படகுகளும் கண்ணாடியிழைப் படகுகளும் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டுவிட்டன. எனினும் எடையின்மை, அவிழ்த்துக் கட்டும் வசதி ஆகிய இரண்டு இயல்புகளால் ஒரு கலம் தன்னை ஆள்பவனுக்கு எவ்வளவு உரிமையை அளிக்கும் என்பதற்கு அதைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை.

கணினி உலகில் இவ்விரு இயல்புகளையும் பெற்ற ஒரு கருவியைப் பற்றியது இக்கட்டுரை. பி.எச்.பி. மொழியில் வலைத்தளம் அமைப்போர்க்கென உருவான கோட்இக்னைட்டர் என்னும் சட்டகமே அது. தமிழ்த்துறை மலருக்கும் இதற்கும் என்ன உறவு என்னும் ஐயம் எழுதல் இயல்பு. தமிழ் எழுத்தைக் கணினி எவ்வாறு எண்ணுகின்றது, எவ்வாறு வெட்டுகின்றது, எவ்வாறு வரிசைப்படுத்துகின்றது என்பன இலக்கண வினாக்களே. அவற்றுக்கு இன்று விடை எழுதிக்கொண்டிருப்போர் பெரும்பாலும் தமிழ் எழுத்தை அறியாதவர்கள். அந்த விடைகளைத் திருத்தும் வாய்ப்பு நம் மாணவர்களுக்கு எங்கே கிடைக்கின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பி.எச்.பி. மொழியின் வரலாறு

கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் தன்விவரப் பக்கத்தை யார் யார் பார்க்கின்றனர் என்று அறிவதற்காகச் சில சிறு நிரல்களை எழுதினார். 1995ஆம் ஆண்டில் அவற்றைப் பொதுவில் வெளியிட்டார். தனிமனிதரின் முகப்புப் பக்கக் கருவிகள் என்பதே அப்போது அதன் பெயர்ப்பொருள். இஸ்ரேலைச் சேர்ந்த ஸீவ் சுராஸ்கி, ஆண்டி கட்மன்ஸ் என்னும் மாணவர் இருவர் அதனை அடியோடு திருத்தி எழுத, 1998இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. இரட்டை முக்காற்புள்ளிக் குறிக்கு அவர்கள் தம் எபிரேய மொழியில் பாமாயிம் நெகுதோதாயிம் என்று பெயரிட்டிருந்தனர். பல்லாண்டுகள் வரை உலகெங்கும் உள்ள நிரலாளர்கள், அக்குறியைத் தவறான இடத்தில் இட்டபோதெல்லாம், அந்த எபிரேயத் தொடரையே பிழைச்செய்தியாகக் கண்டு திகைத்தனர். தாய்மொழி தன் தடத்தை எங்கெல்லாம் பதித்துவிடுகின்றது என்று எண்ணுங்கால் வியப்பே மிஞ்சுகின்றது.

தமிழுக்கும் இம்மொழி அயலானதன்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்தமிழர் முயற்சியால் தோன்றிய நூலகம் என்னும் மின்னூல் காப்பகமும் மீடியாவிக்கி என்ற மென்பொருளின்மேல் நிற்பன. அந்த மீடியாவிக்கி பி.எச்.பி.யில் எழுதப்பட்டதே.

சட்டகம் என்பது யாது?

வலைத்தளம் ஒன்றை வெறும் பி.எச்.பி.யில் எழுதப் புகுந்தால், வலைமுகவரியைப் படித்தல், தரவுத்தளத்தோடு பேசுதல், படிவத்தில் வந்த விவரத்தைச் சரிபார்த்தல், பக்கத்தை வடிவமைத்தல் ஆகிய பணிகள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். ஆறு திங்கள் கழித்து அதைத் திறந்து பார்த்தால் எழுதியவருக்கே விளங்காது. இப்பணிகளைப் பிரித்து ஒவ்வொன்றிற்கும் உரிய இடத்தை முன்னரே வகுத்து வைப்பதே சட்டகம்.

காசிமேட்டு மீன் ஏலத்தின் நாள்விலையைத் தமிழில் காட்டும் சிறு தளமொன்றை மாணவர் ஒருவர் அமைப்பதாகக் கொள்வோம். விடியற்காலையில் ஏலம் நடக்கின்றது. வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, கடம்பா, இறால் என ஒவ்வொன்றின் விலையும் பதிவாக வேண்டும். கோட்இக்னைட்டரில் இவ்வேலை மூன்றாகப் பிரியும். விலையைத் தரவுத்தளத்தில் இட்டு எடுப்பது மாடல். எடுத்ததைத் திரையில் காட்டும் வார்ப்பு வியூ. வலைமுகவரி வழியே வந்த கோரிக்கையைக் கேட்டு, மாடலிடம் வேலை வாங்கி, வியூவிடம் ஒப்படைப்பது கன்ட்ரோலர். ஏலம் கூறுபவர், கணக்கு எழுதுபவர், மீனைக் கூடையில் அடுக்கி வைப்பவர் என்று மூவர் இருப்பதைப் போன்றது இது. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைப்பதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது விலைப்பட்டியலுக்கு மாறாக வேறோர் அறிவிப்பைக் காட்ட வேண்டுமாயின், கன்ட்ரோலரில் சில வரிகளை மாற்றினால் போதும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும்.

கோட்இக்னைட்டரின் தோற்றம்

இசைத்துறையிலிருந்து கணினிக்கு வந்த ரிக் எல்லிஸ் என்பவரின் எல்லிஸ்லேப் நிறுவனம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இதனை வெளியிட்டது. அந்நிறுவனம் விற்றுவந்த எக்ஸ்பிரஷன்எஞ்சின் என்னும் பெரிய மென்பொருளிலிருந்து கழற்றி எடுத்த பகுதிகளே இதற்கு அடிப்படை. அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற சட்டகம் தூண்டுகோலாயிற்று. 2013இல் அந்நிறுவனம் இதைப் பேணுவதற்கு வேறோர் இடம் தேடியது. 2014இல் இப்பொறுப்பை ஏற்றது வணிக நிறுவனமன்று. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனம். ஒரு கல்விக்கூடம் உலகோர் பயன்படுத்தும் கருவியைத் தத்தெடுத்து வளர்த்தது என்பது கல்லூரி மலர் படிப்போர் கருதத்தக்க செய்தி. அங்கு ஆசிரியராக இருந்து இப்பணியை முன்னின்று நடத்திய ஜிம் பாரி 2020 ஜனவரியில் காலமானார். நான்காம் பதிப்பை அவர் பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று அவர் நினைவாக வெளியிட்டனர்.

இச்சட்டகத்தின் எடை ஓரிரு மெகாபைட்டு அளவினதே. மிகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் பொது வழங்கியிலும் இது ஓடும். வடசென்னையின் சிற்றறை ஒன்றில் பழைய கணினியை வைத்துக்கொண்டு பயிலும் மாணவருக்கு இது சிறிய உதவியன்று. எனினும் எடை குறைவு என்பதைக் கோப்பின் அளவால் மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. முழுவதையும் ஒருவர் சில வாரங்களில் படித்து முடித்துவிடக்கூடிய அளவினது என்பதே அதன் உண்மையான பயன். படித்து முடிக்க இயலாத ஒன்றைத் திருத்தவும் இயலாது.

திருத்துவதற்கும் ஒரு முறை வகுத்திருக்கின்றார்கள். சட்டகத்தின் உள்ளுறுப்புகள் சிஸ்டம் என்ற கோப்புறையிலும், நாம் எழுதுவன ஆப் என்ற கோப்புறையிலும் இருக்கும். சிஸ்டத்தினுள் கை வைத்தலாகாது. புதிய பதிப்பு வரும்போது அக்கோப்புறை முழுவதும் மாற்றப்படும், நம் திருத்தமும் அதனோடு போய்விடும். உள்ளுறுப்பு ஒன்று நமக்கு ஒத்துவரவில்லையெனில் அதன் வழித்தோன்றலாக நம் கோப்புறையில் ஒன்றை எழுதி, சட்டகத்திடம் இதனையே பயன்படுத்துக என்று சொல்லிவிடலாம். மூன்றாம் பதிப்பு வரை இத்தகைய கோப்புகளின் பெயர் ‘மை’ என்ற முன்னொட்டுடன் தொடங்கும். ஆங்கிலத்தில் ‘என்னுடைய’ என்பது அதன் பொருள். தமிழ்ச் செவிக்கு எழுதும் மை நினைவுக்கு வந்தாலும் பொருத்தமே.

நம் எழுத்து இடறும் இடங்கள்

காசிமேடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் கா, சி, மே, டு என எழுத்து நான்கு. பி.எச்.பி.யின் பழைய அளவைச் செயற்கூறாகிய ஸ்ட்ரெலென் இதனை 24 என்கின்றது. ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுகின்றது. பன்மொழிக்கென வந்த எம்.பி. ஸ்ட்ரெலென் 8 என்கின்றது. அது யூனிகோடு குறியெண்களை எண்ணுவது. க, ஆகாரக் குறி, ச, இகரக் குறி என ஒவ்வொன்றும் தனித்தனி. இன்டெல் எனப்படும் பன்னாட்டு நீட்சியில் உள்ள கிராஃபீம் ஸ்ட்ரெலென் மட்டுமே 4 என்று விடை கூறும். அதுவும் க்ஷ என்னும் எழுத்தில் இடறி இரண்டென்று எண்ணும்.

இவ்வேற்றுமை எங்கிருந்து வந்தது? இலக்கணம் ஒலியிலிருந்து தொடங்குகின்றது: க் என்னும் மெய்யும் அ என்னும் உயிரும் கூடி க ஆகின்றன. யூனிகோடு வரிவடிவத்திலிருந்து தொடங்குகின்றது: அகரமேறிய க முதற்பொருள், அதன்மேல் புள்ளி என்னும் தனிக்குறியை இட்டால் க் கிடைக்கும். 1991இல் யூனிகோடு வெளிவந்தபோதே இவ்வமைப்பு நிலைபெற்றுவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடும் அதைச் சூழ்ந்த விவாதங்களும் எழுத்துரு ஒழுங்கை நோக்கியவை. பின்னர் உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் அளிக்கும் டேஸ்-16 என்ற குறியேற்றம் உருவாயிற்று. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடை ஏற்றதோடு டேஸ்-16ஐ மாற்று முறையாகவும் அறிவித்தது. அதன் தருக்கம் நம் இலக்கணத்திற்கு நெருக்கமானதுதான். ஆயினும் உலகின் கைப்பேசிகளும் வழங்கிகளும் யூனிகோடில் நிலைத்துவிட்டமையால், குறியேற்றத்தை மாற்றுவதைவிட நிரலில் கணக்கைத் திருத்துவதே இன்று செய்யத்தக்கது என்பது என் கருத்து.

அந்தத் திருத்தம் எங்கே தேவைப்படுகின்றது என்பதற்கு நம் தளத்தின் பதிவுப் படிவமே சான்று. பெயர் என்னும் கட்டத்தில் எழுத்துகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று விதிக்க, சட்டகத்தில் ஆல்ஃபா என்ற ஆயத்த விதி உள்ளது. ஃபாத்திமா என்று தமிழில் எழுதிப் பொத்தானை அழுத்தினால், இப்பெயரில் எழுத்தல்லாதன உள்ளன என்று படிவம் திருப்பி அனுப்பும். அவ்விதிக்கு எழுத்து என்றால் ரோமன் எழுத்து 26 மட்டுமே. விதியை எழுதியவருக்குத் தீய நோக்கம் ஏதும் இல்லை; தம் எழுத்தை மட்டுமே அவர் எண்ணிப் பார்த்தார். ஆயின் முதன்முறையாகக் கைப்பேசியில் தம் பெயரைத் தமிழில் எழுதிய ஒரு மூதாட்டிக்கு, உங்கள் பெயர் எழுத்தன்று என்று கணினி கூறுகின்றது. அவர் அடுத்த முறை தமிழில் எழுதுவாரா?

நீள வரம்பும் அத்தகையதே. பெயர் 15 எழுத்துக்கு மேற்படலாகாது என்று விதித்தால் முகம்மது இஸ்மாயீல் உள்ளே நுழைய முடியாது. நம் கணக்கில் 10 எழுத்தும் ஓர் இடைவெளியும். சட்டகத்தின் கணக்கில் 18. சரியாக 15 குறியெண் கொண்ட ஆங்கிலப் பெயருக்குக் கதவு திறக்கும்.

வெட்டும்போது நேர்வது இன்னும் கொடுமை. பட்டியலில் இடம் போதாமையால் சொல்லை 7 குறியெண்ணோடு நிறுத்தச் சொன்னால் வஞ்சிரம் புள்ளியிழந்து ‘வஞ்சிரம’ என்று நிற்கும். மூன்றோடு நிறுத்தினால் மீன் ‘மீன’ ஆகும். தலைப்பிலிருந்து வலைமுகவரியை உண்டாக்கும் துணைச்செயற்கூறு ஒன்று உண்டு. மூன்றாம் பதிப்பில் அது எழுத்தல்லாத குறிகளை நீக்கும் முனைப்பில் உயிர்க்குறிகளையும் நீக்கிவிடும். காசிமேடு ‘கசமட’ என்று வெளிவரும். நான்காம் பதிப்பில் குறிகளையும் ஏற்குமாறு அந்த ஒரு வரியைத் திருத்தியுள்ளனர். ஆனால் வலைமுகவரியில் எவ்வெழுத்துகளை அனுமதிக்கலாம் என்னும் பட்டியலில் ரோமன் எழுத்தும் இலக்கமும் சில குறிகளுமே இயல்பாக இடம்பெற்றுள்ளன. ஆகவே திருத்தமாக உருவான தமிழ் முகவரியும் வாயிலில் தடுக்கப்படும். அமைப்புக் கோப்பில் அந்த வரியைத் தமிழுக்கும் திறந்துவிட்டால் தடை நீங்கும்.

வரிசைமுறை தமிழ் மாணவர்க்கு நன்கு விளங்கும். கட்டா, கடம்பா என்னும் இரண்டு பெயர்களுள் அகராதியில் முன்வருவது கட்டா. ட் என்பது ட என்பதற்கு முந்தியது. குறியெண் வரிசையிலோ புள்ளி எல்லா மெய்க்கும் உயிர்க்குறிக்கும் பின்னே இருப்பதால் கடம்பா முந்திக்கொள்ளும். னகரமும் பகரத்திற்கு முன்னே சென்று நிற்கும். இன்டெல் நீட்சியில் கொலேட்டர் என்ற வரிசையாக்கி உண்டு. அதற்குத் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டால் மரபு வரிசை கிடைக்கும். கோட்இக்னைட்டரின் நான்காம் பதிப்பு இயங்குவதற்கே இன்டெல் நீட்சி கட்டாயம் என்பதால் இதற்கெனத் தனியே எதையும் நிறுவ வேண்டுவதில்லை.

திருத்தும் முறை

மேற்கூறிய குறைகள் பெரிய சட்டகங்களிலும் பல்வேறு அளவில் உண்டு. இச்சட்டகத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவதும் எளிது என்பதே வேறுபாடு. சரிபார்ப்பு விதிகள் எந்தெந்தக் கோப்புகளிலிருந்து வருகின்றன என்பது அமைப்புக் கோப்பு ஒன்றில் சில வரிகளாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அப்பட்டியலில் நம் கோப்பின் பெயரையும் சேர்த்து, அதனுள் ‘தமிழ்ப்பெயர்’ என்ற நோக்கில் ஒரு விதி எழுதலாம்: யூனிகோடு எழுத்து, அதனைச் சார்ந்த குறி, இடைவெளி, முன்னெழுத்துக்குப் பின் வரும் புள்ளி ஆகியவை மட்டுமே வரலாம், நீளத்தைக் கிராஃபீம் கணக்கால் அளக்க வேண்டும். இருபது வரிக்குள் முடியும் வேலை இது. பின்னர் படிவத்தில் ஆல்ஃபா என்றிருந்த இடத்தில் நம் விதியின் பெயரை இட்டால் ஃபாத்திமாவும் முகம்மது இஸ்மாயீலும் தடையின்றி உள்ளே வருவர். ஒரு முறை எழுதியதை அடுத்த தளத்திற்கும் எடுத்துச் செல்லலாம்.

சட்டகம் பேசும் மொழியையும் மாற்றலாம். பிழைச்செய்திகள் யாவும் மொழிக்கோப்புறையில் தனியே உள்ளன. தமிழுக்கெனக் கோப்புறை ஒன்றைத் திறந்து அவற்றை மொழிபெயர்த்து வைத்து, இயல்பு மொழி தமிழ் என்று அமைப்பில் குறித்தால் போதும். இவ்வேலையைக் கணினித்துறை மாணவரிடம் மட்டும் விடுதல் கூடாது. ‘இப்புலம் தேவைப்படுகிறது’ என்று எழுதுபவருக்கும் ‘பெயரை எழுதுக’ என்று எழுதுபவருக்கும் உள்ள வேற்றுமையை உணர்த்தத் தமிழ்த்துறை மாணவர் உடனிருக்க வேண்டும்.

எடையின்மைக்கு ஒரு விலையும் உண்டு. கட்டுமரத்தில் நீர் உள்ளே புகாமல் தடுக்கும் சுவர் இல்லை. அதுபோல, பிற தளத்திலிருந்து வரும் போலிப் படிவத்தைத் தடுக்கும் காவல் கோட்இக்னைட்டரில் இருந்தாலும் இயல்பாகப் படிவங்களுக்கு அது இயக்கப்படுவதில்லை. நாமே இயக்க வேண்டும். திரையில் காட்டும் ஒவ்வொரு விவரத்தையும் தூய்மை செய்து காட்டும் பொறுப்பும் வார்ப்பு எழுதுபவருடையது. பயனர் நுழைவுக்கான ஏற்பாடு நெடுங்காலம் இதில் இல்லாதிருந்தது. டெய்லர் ஆட்வெல் 2011இல் லாராவெல் என்ற சட்டகத்தைப் படைத்ததற்கு அக்குறையும் ஒரு காரணம். இப்போது ஷீல்டு என்னும் தனித்தொகுதி அக்குறையைத் தீர்க்கின்றது. பெருநிறுவனங்களில் வேலை நாடும் மாணவர் லாராவெல்லைக் கற்பதே தக்கது என்று சொல்வோர் உளர். வேலைவாய்ப்பை எண்ணினால் அவர் கூற்று சரியே. உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள முதலில் சிறியதைக் கற்க வேண்டும் என்பது ஆசிரியர் தரப்பின் வாதம். இரண்டையும் முரணாகக் கருத வேண்டியதில்லை.

அர்வியும் ஹிஜ்ரியும்

நம் சமுதாயத்திற்கே உரிய இரு தேவைகளையும் இங்குக் கூறுதல் வேண்டும். கல்லூரித் தளத்தில் ஹிஜ்ரி நாளைக் காட்ட இன்டெல் நீட்சியில் இஸ்லாமிய நாட்காட்டிகள் உள்ளன. அவை கணக்கால் வருவன. பிறை கண்டு அறிவிக்கப்படும் நாள் ஒன்று முன்பின்னாக அமையலாம். ஆதலின் அமைப்புக் கோப்பில் கூட்டவோ குறைக்கவோ ஓர் எண்ணை வைத்துவிட்டு, அறிவிப்பு வந்ததும் அதை மாற்றுவதே முறை.

மற்றொன்று அர்வி என்னும் அரபுத்தமிழ். மொழி தமிழ், எழுத்து அரபு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புனைந்த கூடுதல் எழுத்துகள், வலமிருந்து இடமாக நடை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் சென்னையிலும் பழைய குடும்பங்களின் பேழைகளில் இன்னும் கிடக்கும் அர்வி ஏடுகளைப் பட்டியலிட்டு வலையேற்ற எண்ணுவோர்க்கு, தமிழ் என்ற ஒரே மொழிக்கோப்புறை போதாது. அரபு எழுத்திலான தமிழ் என்பதற்குப் பன்னாட்டு முறைப்படி தனி மொழிக்குறியீடு அமைக்கலாம். அப்பெயரில் இரண்டாவது கோப்புறையைத் திறந்தால் சட்டகம் முதலில் அதனுள் தேடும். அங்கில்லாத சொல்லுக்குத் தமிழ்க் கோப்புறைக்குத் திரும்பும். அப்போது வலமிருந்து செல்லும் பக்கத்தின் நடுவே இடமிருந்து செல்லும் தமிழ் வரி வந்து அமரும். எனவே பக்கத்தின் திசையை மட்டும் குறித்தல் போதாது. வார்ப்பில் ஒவ்வொரு வரிக்கும் அதன் மொழியையும் திசையையும் தனியே குறிக்க வேண்டும்.